கண்ணகி நகர் மகளிர் குழு: 14 பேர், கையில் 22,400 ரூபாய். தையல் மெஷினா, இட்லி மாவா?

கேள்வி: ஓஎம்ஆர் தன்னார்வலர்

வணக்கம். சென்னை கண்ணகி நகரில் 14 பெண்கள் சேர்ந்து குழு ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது. ஆளுக்கு மாதம் 200 ரூபாய் தவறாமல் கட்டுகிறார்கள். 22,400 ரூபாய் சேர்ந்து வங்கியில் அப்படியே இருக்கிறது. உள்கடன், அதாவது குழுப் பணத்திலிருந்து உறுப்பினருக்குத் தரும் கடன், இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. ஒன்பது பேர் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள், மற்றவர்களுக்கு இப்போது வருமானம் இல்லை. ஆறு பேருக்குத் தண்டல் (தினமும் வசூலிக்கும் வட்டிக் கடன்) ஓடுகிறது. நான்கு பேர் மைக்ரோ ஃபைனான்ஸ் தவணை கட்டுகிறார்கள்.

ஒரு நன்கொடையாளர் ஐந்து தையல் மெஷின் வாங்கித் தரத் தயாராக இருக்கிறார். குழுவில் பாதிப் பேர் "இட்லி மாவு போடலாம்" என்கிறார்கள். ஆளுக்கு மாதம் 5,000 ரூபாயாவது அவரவர் கையில் நிற்க வேண்டும் என்பதுதான் எண்ணம். எதில் இறங்குவது? வங்கிக் கடனுக்கு இப்போதே போகலாமா?

பதில் 1: பேரேடு அக்கா

தொழிலைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த ஆறு தண்டல்.

10,000 என்று எழுதிக்கொண்டு கையில் 8,500 தருவார்கள்; தினம் நூறு, நூறு நாள். 1,500 ரூபாய்தானே போகிறது என்று தோன்றும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் மாதத்துக்கு நூற்றுக்குப் பத்து ரூபாய் வட்டி. அதே 8,500-ஐக் குழு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டிக்குக் கொடுத்து, அசலை நான்கு சம தவணையில் வாங்கினால் மொத்த வட்டி 213 ரூபாய்தான். அந்த 213-உம் குழுவின் பெட்டிக்கே வருகிறது. மாதம் 3,000 தண்டல் கட்டியவருக்கு முதல் மாதத் தவணை 2,210-ஆக இறங்கும்.

இங்கே எல்லோரும் செய்கிற தவறு ஒன்று உண்டு. தண்டல் பாதி ஓடும்போது குழுப் பணத்தை எடுத்து அடைத்துவிடுவார்கள். நடுவில் அடைத்தால் தண்டல்காரர் வட்டியைக் குறைக்கப் போவதில்லை. பிடிக்க வேண்டியதை முதல் நாளே பிடித்துவிட்டார். லாபம் எங்கே என்றால், தினம் கட்டியதைக் குறிக்கும் தண்டல் அட்டை முடிகிற அன்று அடுத்த அட்டை போடாமல் இருப்பதில். ஆகவே ஆறு பேரின் தண்டல் அட்டைகளையும் கூட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். எது எந்தத் தேதியில் முடிகிறது என்று வரிசையாக எழுதுங்கள். முதலில் முடிகிற இரண்டு பேருக்கு ஆளுக்கு 8,500 தயாராக இருக்கட்டும். மீதி 5,400-ஐத் தொடாதீர்கள்; ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் என்று யாராவது கட்டாயம் வருவார்கள். அந்த நேரத்தில் குழுவில் பணம் இல்லையென்றால் அவர் நேரே போவது தண்டல்காரரிடம்தான்.

மைக்ரோ ஃபைனான்ஸ் உள்ள நான்கு பேருக்கும் எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை, குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வசூலுக்கு வந்து நிற்கக் கூடாது. இது பெண்களில் பலருக்குத் தெரியாது. பாதி வரம்பைத் தாண்டியவர் புதுத் தொழிலுக்கென்று இன்னொரு கடனில் கையெழுத்துப் போட வேண்டாம்.

வங்கிக் கடன் விஷயம். குழுவை எடைபோடும்போது பார்ப்பது ஐந்து: கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிக் கட்டுதல், கணக்குப் புத்தகம். உங்கள் குழுவில் முதல் இரண்டு மட்டுமே இருக்கின்றன. எட்டு மாதமாகப் பணம் சும்மா கிடப்பதை மேலாளர் நல்ல அடையாளமாக எடுத்துக்கொள்ள மாட்டார். நான்கு மாதம் உள்கடன் ஓட்டி, வசூல் வரவை எழுதிய பிறகு போங்கள். நபார்டு (வேளாண், ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கி) 1992-ல் தொடங்கிய வங்கி இணைப்பு முறையில் சேமிப்பைப் போல நான்கு மடங்கு வரை கேட்பது வழக்கம்.

கணக்குத் தொடங்கப் பொறுப்பாளர்களின் ஆவணம் போதும், ஆனால் கடன் வரும்போது 14 பேரின் ஆவணத்தையும் கேட்பார்கள். மறுகுடியமர்வில் வந்தவர்களில் சிலரின் ஆதாரில் இன்னும் பழைய முகவரி இருக்கும். இப்போதே மாற்றத் தொடங்குங்கள். ஒரே ஒருவருடைய ஆதார் அட்டையால் மொத்தக் கடனும் மாதக்கணக்கில் நின்றுவிடும்.

பதில் 2: மாவுக் கணக்கு

இட்லி மாவு பற்றி. நல்ல தொழில்தான், ஆனால் 14 பேருக்குச் சோறு போடாது. கணக்கைப் பாருங்கள், விலைகளை உங்கள் கடைவிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இட்லி அரிசி 10 கிலோ, கிலோ 50 வீதம் 500. முழு உளுந்து இரண்டரை கிலோ, 130 வீதம் 325. வெந்தயம் 100 கிராம், கல் உப்பு 350 கிராம், இரண்டுக்கும் 20. கவர் 54. கரண்டும் தண்ணீர் கேனும் 40. ஆகச் செலவு 939. இதில் சுமார் 27 கிலோ மாவு வரும். வீடு வீடாகக் கிலோ பாக்கெட் 45 ரூபாய்க்கு விற்றால் 1,215, மிச்சம் 276. மளிகைக் கடைக்கு 38-க்குப் போட்டால் மிச்சம் 87 மட்டுமே. வீட்டு விற்பனையிலும் மூன்று பாக்கெட் மிஞ்சிப் புளித்தால் 276 என்பது 141 ஆகிவிடும். இந்தத் தொழிலில் கூலியே அந்தக் கடைசி மூன்று பாக்கெட்டில்தான் இருக்கிறது. அதனால் முதல் நாள் மாலையே வீடுகளில் "நாளைக்கு எத்தனை?" என்று கேட்டு எழுதிக்கொண்டு, அந்த அளவுக்கு மட்டும் ஊறப்போட வேண்டும். மிஞ்சியதைத் திரும்ப எடுத்துக்கொள்ளச் சொல்லும் கடைக்கு மாவு போடாதீர்கள்.

அரைப்பதில் தவறுவது உளுந்தில். அதிக நேரம் ஊறினால் மாவு அவ்வளவாகப் பொங்காது. தண்ணீரை மொத்தமாக ஊற்றாமல் தெளித்துத் தெளித்து 30 நிமிடமாவது ஓட வேண்டும். ஒரு துளியைக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். மூழ்கினால் இன்னும் ஓடட்டும். அடுத்தடுத்து அரைக்கும்போது கல் சூடேறும். சூடு ஏறிய மாவு அன்று இரவே புளித்துவிடும், ஆகவே ஐஸ் தண்ணீர் தெளியுங்கள். அரிசியை நைசாக விடாமல் சன்ன ரவைப் பதத்தில் எடுங்கள்.

சென்னை மே மாதத்தில் ஆறு மணி நேரத்தில் பொங்குவது மார்கழியில் பத்துப் பன்னிரண்டு மணி ஆகும். பொங்கி முடிந்த மாவைப் பாக்கெட் போட்டால் கவர் உப்பி வெடிக்கும். அரைத்தவுடன் உப்புக் கலந்து, கவரில் மூன்றில் ஒரு பங்கு காலியாக விட்டு ஒட்டி, குளிர்பெட்டியில் வைத்துக் கொடுங்கள். வாங்குகிறவர் வீட்டில் பொங்கிக்கொள்ளட்டும். லாரித் தண்ணீரில் அரைக்கவே கூடாது. இந்த அளவு உற்பத்திக்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு போதும், பெரிய உரிமம் தேவையில்லை. கிரைண்டர் தரைத்தளத்தில் இருக்கட்டும். 30 கிலோ டப்பாவைத் தூக்கிக்கொண்டு படி இறங்குவது இடுப்பை ஒடிக்கிற வேலை. வீட்டு மின் இணைப்பில் தொழில் மெஷின் ஓட்டலாமா என்பதை வாங்கும் முன்னே மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

ஓஎம்ஆர் தன்னார்வலர்

நன்றி அக்கா, நன்றி சார். அட்டைகளை ஞாயிற்றுக்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் மாவில் 276 ரூபாய்தான் மிச்சம் என்றால் அதில் இரண்டு பேருக்குத்தான் வேலை. மெஷினை வேண்டாம் என்று சொல்லிவிடவா? நன்கொடையாளர் இந்த மாதமே பதில் கேட்கிறார்.

பதில் 3: கோடவுன் தெரு

வேண்டாம் என்று சொல்லாதீர்கள் தம்பி. ஐந்து மெஷினுக்குப் பதில் இரண்டு மெஷின், மீதிக்குத் துணி, துணி ஓரம் பிரியாமல் தைக்கிற ஒரு ஓவர்லாக் மெஷின் என்று கேளுங்கள். மூன்று மாதம் தையல் கற்றுக்கொடுத்து, சான்றிதழும் கொடுத்து, ஆர்டர் இல்லாமல் விட்ட மெஷின்கள் எத்தனையோ வீட்டில் துணி போட்டு மூடிக் கிடக்கின்றன. பிளவுஸ் கச்சிதமாகத் தைக்க ஒரு வருடமாவது கை பழக வேண்டும். நேர்த்தையல் மட்டும் போதும் என்கிற பொருளில் தொடங்குங்கள்: துணிப்பை, தலையணை உறை, உள்பாவாடை. பிளாஸ்டிக் பைக்கு 2019 ஜனவரியிலிருந்து தடை இருக்கிறது, 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கம் வந்தது. ஜவுளிக்கடை, கல்யாணத் தாம்பூலம், பள்ளி விழா என்று கேட்டுப் போக இடம் இருக்கிறது.

லாபம் வெட்டும் மேஜையில்தான். 58 அங்குல அகல காடாத் துணி (வெளுக்காத பருத்தித் துணி), பை அளவு 13-க்கு 15. உடம்புக்கு 14-க்கு 33 அங்குலத் துண்டு ஒன்று, நடுவில் மடித்தால் அடியில் தையலே வேண்டாம். அகலத்தில் நான்கு அடங்கும். கைப்பிடிப் பட்டை 3 அங்குல அகலம். நீளம் 20 வைத்தால் அகலத்துக்கு இரண்டுதான் அடங்கும், மீதி 18 அங்குலம் வீண். நீளத்தை 18 ஆக்கினால் மூன்று அடங்கும். இந்த இரண்டு அங்குலத்தால் 10 மீட்டரில் மூன்று நான்கு பை கூடுதலாகக் கிடைக்கும். துணி வந்தவுடன் அகலத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். 58 என்று சொல்லி 56 வரும், அதிலும் 18 வீதம் மூன்று அடங்கும்.

கைப்பிடி பையோடு சேருமிடத்தில் சதுரம் போட்டுக் குறுக்கே பெருக்கல் குறி மாதிரித் தைக்க வேண்டும். வெறும் இரண்டு ஓட்டம் ஓட்டினால் ஐந்து கிலோ அரிசி தாங்காது. அங்கேதான் பை கிழியும், அங்கேதான் ஆர்டரும் போகும்.

ஒரே ஆள் முழுப் பையையும் தைக்க வேண்டியதில்லை. ஒருவர் வெட்ட, இருவர் தைக்க, இருவர் நூல் கத்தரித்து மடித்து எண்ண என்று பிரித்தால் ஐந்து பேருக்கு வேலை. வீட்டு வேலைக்குப் போகிறவர் பகல் 12-க்குத் திரும்பி வந்து நூல் கத்தரிக்கலாம். கூலி பை ஒன்றுக்கு இவ்வளவு என்று வேலை வாரியாக முதல் நாளே சுவரில் எழுதி ஒட்டுங்கள். லாபத்தைச் சமமாகப் பிரிக்கிறோம் என்று ஆரம்பித்தால், நாற்பது பை தைத்தவருக்கும் நான்கு நாள் வராதவருக்கும் ஒரே பங்கு ஆகும். குழு உடைவது அந்த மாதத்தில்தான். கூலி வேலைக்கேற்ப, மிச்ச லாபம் குழுவுக்கு.

மொத்தவிலைத் துணிக்கடைகள் இருக்கும் கோடவுன் தெருவில் துணி எடுக்கப் போகும்போது இரண்டு பேராகப் போகட்டும், பில் குழுப் பெயரில் இருக்கட்டும். கடன் சரக்கு வேண்டாம். ஆர்டர் கொடுப்பவரிடம் துணி விலைக்காவது முன்பணம் வாங்காமல் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள்.

பதில் 4: பேரேடு அக்கா

இரண்டு விஷயம் விட்டுவிட்டேன்.

தம்பி 5,000 என்று இலக்கு சொல்லியிருக்கிறார். 14 பேருக்கு அது மாதம் 70,000 லாபம். முதல் வருடம் வராது. வீட்டு வேலையை விடச் சொல்லாதீர்கள். வேலையில்லாத ஐந்து பேரைத் தையலிலும் மாவிலும் முதலில் நிறுத்துங்கள். ஒன்பது பேரையும் வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் பதியுங்கள். 2007-லிருந்து தனி வாரியமே இருக்கிறது. தண்டல் நிற்கிற ஒவ்வொருவருக்கும் நூறு நாளுக்கு 1,287 ரூபாய் மிச்சம் என்பதையும் வருமானமாகவே எழுதுங்கள்.

அடுத்தது, பணம் யார் கைக்குப் போகிறது. கூலியை ரொக்கமாகக் கொடுக்காமல் அவரவர் வங்கிக் கணக்கில் போடுங்கள். போடும் முன் ஒவ்வொருவரிடமும் மூன்று கேளுங்கள்: கணக்கு உங்கள் பெயரில் மட்டும் இருக்கிறதா? வங்கியில் கொடுத்திருக்கும் மொபைல் எண் யாருடையது? ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் யாரிடம்? பெரும்பாலும் எண் கணவருடையதாகவோ மகனுடையதாகவோ இருக்கும். 600 ரூபாய் ஏறியவுடன் குறுஞ்செய்தி அங்கே போகும், சாயங்காலத்துக்குள் பணமும் போய்விடும். 1974-ல் அகமதாபாத்தில் 4,000 பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு சேவா வங்கியை உண்டாக்கினார்கள். தன் பெயரில் ஒரு கணக்கு இல்லாமல் சம்பாத்தியம் கையில் நிற்காது என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்திருந்தது.

மொபைல் எண் மாற்ற அவரே கிளைக்கு நேரில் போய் விண்ணப்பம் கொடுக்க வேண்டும், ஆதாரும் பாஸ்புக்கும் கையில் இருக்கட்டும். சொந்த போன் இல்லாதவருக்குக் குழுவிலிருந்து பட்டன் போன் வாங்க உள்கடன் கொடுங்கள். அதை வீண் செலவு என்று குழுவில் யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பாஸ்புக்குகளை ஊக்குநர் (குழுவை முன்னின்று நடத்துபவர்) வீட்டில் மொத்தமாக வைக்கும் பழக்கம் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஒருவர் பெயரில் கடன் எடுத்து இன்னொருவர் வைத்துக்கொள்வது அங்கேதான் தொடங்குகிறது. கடன் கொடுக்கும்போது தொகையைக் கூட்டத்தில் எல்லோர் முன்னும் உரக்க வாசித்து, வாங்குபவரே எண்ணி, தீர்மானப் புத்தகத்தில் அந்த வரிக்கு எதிரே கையெழுத்துப் போடட்டும். கைநாட்டு வைப்பவருக்குப் பக்கத்தில் இரண்டு பேர் சாட்சி.