ஹைழ் (மாதவிடாய்) நாளில் குர்ஆன்: உதடு அசைந்தால் ஹராமா?

சோனகதெரு_ஆலிமா: வாட்ஸ்அப்பில ஒரு ஒலிப்பதிவு சுத்துது. "ஹைழ் நேரம் குர்ஆன் வசனத்துக்கு உதடு அசைஞ்சாலே ஹராம், ஃபோனில பாக்கவும் கூடாது" எண்டு ஒருத்தர் பேசியிருக்கார். நாங்க பின்பற்றுற ஷாஃபிஈ மத்ஹபில (சட்டப் பிரிவில) அப்பிடி எங்க இருக்கு? தன்ட காதுக்குக் கேக்கிற அளவுக்கு ஓதுறதுதான் ஹராம். கண்ணால பாத்து மனசுக்குள்ள ஓட்டலாம். நாக்கு அசைஞ்சும் தன்ட காதுக்கே கேக்காட்டி அது ஓதலே இல்ல.

நாவாந்துறை_நானா: உதடு அசைஞ்சா ஓதல்தான். பேணுதல் (சந்தேகமானத விட்டு விலகுறது) எண்டு ஒண்டு இருக்கு, தங்கச்சி. தொழுகையில குர்ஆன்ட முதல் அத்தியாயம் ஃபாத்திஹாவ உதடு அசைச்சுத்தானே ஓதுறோம்?

சோனகதெரு_ஆலிமா: அதையே எடுப்பம். தன்ட காதுக்கும் கேக்காம உதட்ட மட்டும் அசைச்சு ஃபாத்திஹா ஓதினா அந்தத் தொழுகை கூடுமா? கூடாது. அங்க ஓதல் இல்லாதது இங்க மட்டும் எப்பிடி ஓதலாகும்? ஃபேன் இரைச்சலில கேக்கேல்ல எண்டு சாட்டுச் சொல்லவும் ஏலாது. இரைச்சல் இல்லாட்டி கேட்டிருக்குமா எண்டதுதான் அளவு.

புத்தளம்_மகள்: ரெண்டு பேரும் காதையும் உதட்டையும் அளந்துகொண்டிருங்க. "ஹைழ்காரி குர்ஆன்ல எதையும் ஓதக்கூடாது" எண்டு நபித்தோழர் இப்னு உமர் சொன்னதா வாற ஹதீஸே (நபிமொழியே) பலவீனம். அதின்ட அறிவிப்பாளர் இஸ்மாயீல் இப்னு அய்யாஷ், ஹிஜாஸ்காரரிட்ட (மக்கா, மதீனாப் பக்கத்து ஆக்களிட்ட) இருந்து அறிவிக்கிறது ஏற்கப்படாது. மாலிக்கி மத்ஹபில ஓதலாம். ஹிஃப்ழ் (குர்ஆன் மனனம்) செய்ற பிள்ளையள் மாசம் ஏழு நாள் விட்டா பாடமாக்கின ஜுஸ்உ (குர்ஆன்ட முப்பதில ஒரு பங்கு) மறந்துபோகும்.

நாவாந்துறை_நானா: யாழ்ப்பாணத்து விசயத்தில புத்தளத்து ஆக்களுக்கு என்ன கதை?

புத்தளம்_மகள்: 1990 ஒக்டோபர் 30 நடந்தது மறந்துபோச்சா? புலிகள் ரெண்டு மணித்தியாலத்தில யாழ்ப்பாணத்த விட்டு வெளிய போகச் சொன்ன முஸ்லிம் சனத்தின்ட பிள்ளை நான். ஊர் எது எண்டு நீங்க சொல்லித் தரத் தேவையில்ல.

சோனகதெரு_ஆலிமா: நானா, அந்தக் கதைய விடுங்க. மகள், ஹதீஸ் பலவீனம் எண்டது சரி, ஆனா இங்க ஓதிக் குடுக்கிறது ஷாஃபிஈ. அதுக்குள்ளயே வழி இருக்கு. ஹிஃப்ழ் பிள்ளை இயர்போனில கேட்டு மனசுக்குள்ள கூட வரட்டும். விளக்க எழுத்து குர்ஆன் எழுத்தவிடக் கூட இருக்கிற தஃப்ஸீர் (குர்ஆன் விளக்கவுரை) நூலத் தொடலாம். முஸ்ஹஃப் (குர்ஆன் பிரதி) தாளக் குச்சியால புரட்டுறதில இமாம் ராஃபிஈ கூடாது எண்டார், இமாம் நவவி கூடும் எண்டார். பஸ்ஸில "ஸுப்ஹானல்லதீ ஸக்ஹர லனா" எண்ட பயண வசனத்த, குர்ஆன் ஓதுற எண்ணமில்லாம திக்ர் (இறைநினைவு) நிய்யத்தில சத்தமாவே சொல்லலாம். ஆயத்துல் குர்ஸி வசனமும் அப்பிடித்தான். படுக்கேக்க 33, 33, 34 தஸ்பீஹ் (இறைதுதி), ஸலவாத் (நபி மேல வாழ்த்து), பாங்குக்குப் பதில், இதில எதுக்குத் தடை?

நாவாந்துறை_நானா: திக்ர ஆர் தடுத்தது? நான் கேட்டது உதடு. போன நோன்பில பிறை விசயத்திலயும் இப்பிடித்தான் சுத்தி வளைச்சீங்க.

பொம்மைவெளி_வாசி: பெருநாள் தொழுகைத் திடலுக்கு ஹைழ்காரிகள் வரலாமா? போனமுறை ஓரமாக்கூட இடம் விடேல்ல.

சோனகதெரு_ஆலிமா: வரலாம். நபித்தோழி உம்மு அதிய்யா அறிவிக்கிற ஹதீஸில ஹைழ்காரிகளையும் வரச் சொல்லியிருக்கு. தொழுற இடத்த விட்டு விலகி நிண்டு துஆவில கலந்துகொள்ளுவாங்க. இடம் விடாதது நிர்வாகத்தின்ட பிழை. எங்கட பிள்ளையள் உண்மையில பிழை விடுறது வேற இடத்தில. மஃரிபுக்குக் (சூரியன் மறையிறதுக்குக்) கொஞ்சம் முந்தி, ஒரு தக்பீர் ("அல்லாஹு அக்பர்") சொல்ற நேரம் இருக்கேக்க சுத்தமானாலே அஸரோட (பின்னேரத் தொழுகையோட) லுஹரும் (மத்தியானத் தொழுகையும்) கடமை. லுஹர் நேரம் வந்து, தொழுற அளவுக்கு நேரம் போனப்பிறகு ஹைழ் வந்தா அந்த லுஹர பிறகு களாச் செய்யோணும் (ஈடா தொழோணும்). இத ஒரு ஒலிப்பதிவும் சொல்றேல்ல, உதட்டையே பிடிச்சுத் தொங்குறாங்க!

நாவாந்துறை_நானா: நிர்வாகத்த ஏன் இழுக்கிறீங்க? திடல் எவ்வளவு சின்னது எண்டு தெரியுமா?

பொம்மைவெளி_வாசி: சைக்கிள் விட இடம் இருந்துதே நானா.

புத்தளம்_மகள்: அதே! ஆலிமா, மாலிக்கிக்கு இன்னும் பதில் வரேல்ல.

சோனகதெரு_ஆலிமா: மாலிக்கியப் பின்பற்றுறவங்க அப்பிடிச் செய்யட்டும். ஆனா ஷாஃபிஈ எண்டு சொல்லிக்கொண்டு, ஷாஃபிஈ சொல்லாத ஹராமப் பிள்ளையளுக்குச் சொல்லாதீங்க. காதுக்குக் கேக்கோணும், அதுதான் எல்லை.

நாவாந்துறை_நானா: உதடு அசைஞ்சா ஓதல்தான்.