கருவாட்டுப் பேச்சு பலித்ததா என்பதை எதை வைத்து அளப்பது?

கடலோர சிஸ்டர்

ராமநாதபுரம் பக்கம் மீனவ ஊர்களில் பிரஷர் நோயாளிகளைப் பார்க்கிறேன். முன்பு எங்கள் கையில் இருந்த உணவு அட்டையில் ஓட்ஸ், சாலட், ஆலிவ் எண்ணெய். யாரும் வாங்காத பொருள்கள். இப்போது அவர்கள் அடுப்படியிலிருந்தே பேச்சைத் தொடங்குகிறோம். கருவாட்டை ஊறவைத்து இரண்டு தண்ணீர் மாற்றிக் கழுவுங்கள், சோறு வடிக்கும்போது உப்பு வேண்டாம், அப்பளமும் மோர்மிளகாயும் ஒரே நாளில் வேண்டாம், இப்படி. ஆனால் மாதக் கூட்டத்தில் ஒரே கேள்விதான்: எத்தனை பேர் 140/90க்குக் கீழே வந்தார்கள்? வீட்டுச் சமையல் மாறியதையும் பலனாக எண்ண வேண்டும் என்கிறேன். தவறா?

புள்ளிக்கணக்கு

தவறுதான், சிஸ்டர். நோயாளிக்கு வேண்டியது பக்கவாதம் வராமல் இருப்பது. சமையல் மாறி, பிரஷர் மாறாவிட்டால் அவருக்கு என்ன லாபம்? இன்னொன்று, முதல் நாள் அதிகமாகக் காட்டியவர்களை மட்டும் பொறுக்கி மறுபடி அளந்தால், ஒன்றுமே செய்யாவிட்டாலும் சராசரி இறங்கும். கூடவே மாத்திரையும் தொடங்கியிருப்பீர்கள்.

லாஸ் ஏஞ்சல்ஸில் கறுப்பின ஆண்கள் முடிவெட்டும் 52 கடைகளில் ஓர் ஆய்வு நடந்தது, 2018இல் வெளியானது. முடிதிருத்துபவர் அறிவுரை மட்டும் சொன்ன கடைகளில் பிரஷரின் மேல் அளவு (140/90இல் 140 நிற்கும் இடம்) சுமார் 9 குறைந்தது. மருந்தாளுநர் அங்கேயே வந்து மாத்திரை கொடுத்த கடைகளில் 27. பழகிய இடம் கதவைத் திறந்தது, அழுத்தத்தை இறக்கியது மாத்திரை.

கடலோர சிஸ்டர்

மாத்திரை வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை, சார். 1997இல் வந்த டேஷ் ஆய்வில் (காய்கறி, பழம், கொழுப்பு குறைந்த பால் நிறைந்த உணவைச் சோதித்தது), பிரஷர் இருந்தவர்களுக்கு உணவாலேயே மேல் அளவு 11 வரை இறங்கியது. ஆனால் அங்கே சமைத்தே கொடுத்தார்கள். நாங்கள் கொடுப்பது வார்த்தை. பிரஷர் இறங்கவில்லை என்றால், உணவு வேலை செய்யவில்லையா, சொன்னது தட்டுக்கே போகவில்லையா? நடுவில் ஒன்றை அளக்காமல் எப்படித் தெரியும்?

உப்பு பாக்கெட்டைப் பிரித்த தேதியை அதன் மேலேயே எழுதச் சொல்கிறோம். நாலு பேர் வீட்டில் ஒரு கிலோ 30 நாளில் தீர்ந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராமுக்கு மேல் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் 5 கிராமுக்குள் என்கிறது.

புள்ளிக்கணக்கு

உங்கள் ஊரில் மீன் கழுவுவதும் அதே கல் உப்பில்தானே? திருஷ்டி கழிப்பதும் அதிலேதான். கருவாட்டில் ஏற்கெனவே இருக்கும் உப்பு பாக்கெட்டில் தெரியாது. 24 மணி நேரச் சிறுநீரைக் கேனில் சேர்த்து, உப்பிலிருந்து வரும் சோடியம் அதில் எவ்வளவு என்று பாருங்கள், அதுதான் நம்பகமான அளவு.

வார்டு டாக்டர்

கூலிக்குப் போகும் பெண் கேனைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள்? எல்லோரிடமும் கேட்க முடியாது. சிலரிடம் மட்டும் எடுத்து பாக்கெட் கணக்கோடு ஒத்துப்பார்க்கலாம்.

என் கேள்வி வேறு. சீனாவில் 600 கிராமங்களில் பேச்சை விட்டுவிட்டு உப்பையே மாற்றினார்கள். சாதா உப்பில் கால் பங்குக்குப் பதில் பொட்டாசியம் குளோரைடு. 2021இல் வந்த முடிவில் பக்கவாதம் 14 சதவீதம் குறைவு. சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அது ஆபத்து என்பதை மறக்கக் கூடாது, ஆனாலும் வழி இருக்கிறது. இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போன ஆய்விலும் இரண்டு வருடத்தில் மேல் அளவு 5 கூடுதலாக இறங்கியது. அங்கே அறிவுரையும் வைத்தியமும் சேர்ந்தே போயின. தனியாகப் பிரித்து உங்கள் பேச்சுக்கு மட்டும் மார்க் கேட்பது ஏன், சிஸ்டர்?

கடலோர சிஸ்டர்

மார்க்குக்காக இல்லை, டாக்டர். போன மாதம் ஒரு பெரியவர். இரண்டு வருடமாக மாத்திரையும் அறிவுரையும் தவறாமல் வாங்கிப் போகிறார், பிரஷர் அப்படியே இருக்கிறது. வீட்டுக்குப் போனேன். மருமகள் அடுப்படியில் நின்றாள். "எங்கிட்ட யாரும் ஒண்ணும் சொல்லலையே சிஸ்டர்" என்றாள். அவர் கரண்டியே பிடித்ததில்லை. 140/90ஐ மட்டும் பார்த்திருந்தால் அவரை மருந்துக்கு அடங்காதவர் என்று எழுதியிருப்போம்.

புள்ளிக்கணக்கு

சரி, இதை ஏற்கிறேன். யாரிடம் பேசினீர்கள் என்பதையும் பதியுங்கள். ஆனால் பாதி ஊர்களில் இப்போது தொடங்குங்கள், மீதி ஊர்களில் ஆறு மாதம் கழித்து. எந்த ஊர் முதலில் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். மாத்திரை மாற்றிய தேதியும் வேண்டும். இது இல்லாமல் பாக்கெட் கணக்கை நான் நம்பமாட்டேன்.

கடலோர சிஸ்டர்

சீட்டுக் குலுக்கலாம். ஆறு மாதம் மட்டும் நீளம், சார். மூன்று மாதம் போதுமா? காத்திருக்கும் ஊர்களிலும் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.