பொருள்: ஜே-கட், எல்-கட்டுக்குத் தமிழ்ச் சொல்

தஞ்சாவூரிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். படத்தொகுப்புப் பயிற்சிக் கையேட்டில் ‘ஒலியை வைத்து வெட்டுதல்’ என்ற பாடம் தயாராகிறது. டைம்லைனில் (காட்சிகளை வரிசையாக அடுக்கும் மென்பொருள் பட்டை) படம் மேலே, ஒலி கீழே. அடுத்த காட்சியின் ஒலி தன் படத்துக்கு முன்பே, இடப்பக்கம் நீண்டு தொடங்கினால் ஜே-கட். முந்தைய காட்சியின் ஒலி அடுத்த படத்துக்கு அடியிலும் ஓடினால் எல்-கட். இரண்டும் எழுத்தின் உருவத்தைப் பார்த்து வைத்த பெயர்கள். தமிழில் எழுதியதும் அந்த உருவம் போய்விடுகிறது. முன்னொலி வெட்டு, பின்னொலி வெட்டு எனலாமா?

கும்பகோணத்திலிருந்து:

> பின்னொலி வெட்டு

ஐயா, இதைப் படிக்கிற பிள்ளைகள் பின்னணி இசை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ‘முன்’னும் சிக்கல்தான், மைக்குக்கு முன்னால் இருக்கிற ஒலியா, நேரத்தால் முன்னால் வருகிற ஒலியா? எடிட்டிங் மேசையில் பேச்சு எப்படி? ‘சவுண்டை முந்த விடு’, ‘சவுண்டை நீட்டு’. அதிலிருந்தே முந்தொலி, நீட்டொலி என்று எடுக்கலாம்.

கையேட்டுக்கு எடுத்துக்காட்டு: கல்லணையில் மதகு திறக்கும் காட்சி. முந்தைய ஷாட்டில் காய்ந்த வாய்க்கால். மதகு ஷாட்டில் படத்தையும் ஒலியையும் பிரித்து (அன்லிங்க்), ஒலியை வேறு டிராக்கில் (டைம்லைனின் தனி வரிசை) வைத்து, அதன் தொடக்கத்தை மட்டும் 15 ஃபிரேம் (காணொளியின் தனித்தனிப் படம்) இடப்பக்கம் இழுக்க வேண்டும். ஒரே டிராக்கில் இழுத்தால் வாய்க்காலின் ஒலி அழிந்துபோகும். தொடக்கத்தில் 3 ஃபிரேம் ஃபேட் (ஒலியை மெல்ல ஏற்றுவது) கொடுக்காவிட்டால் ‘டக்’ என்று கேட்கும். இழுக்கத் தேவையான ஒலி மூலக் காட்சியில் இருக்க வேண்டும். அதனால் மதகு அசைவதற்கு 5 நொடி முன்பே ரெக்கார்டிங்கை ஓடவிடச் சொல்லுங்கள். தண்ணீர் வந்தபிறகு பட்டனை அழுத்தியவருக்கு முந்தொலி கிடையாது.

திருவையாற்றிலிருந்து:

இசையில் இதற்குப் பழைய பெயரே உண்டு. தாளத்தின் சமத்துக்கு (தாளச் சுற்றின் முதல் அடி) முன்பே பாட்டு தொடங்கினால் அதீத எடுப்பு, சமத்துக்குப் பின் தொடங்கினால் அநாகத எடுப்பு. படத்தின் வெட்டைச் சமமாக வைத்துக்கொண்டால் ஜே-கட் அதீதம், எல்-கட் அநாகதம். ‘எடுப்பு’ என்ற சொல்லைக் கொண்டுவர முடியுமா?

தாளத்துக்கு வெட்டுகிறவர்களுக்கு ஒரு குறிப்பும் பாடத்தில் சேர வேண்டும். தவில் மட்டும் தனியாக வாசிக்கும் பகுதியில் மென்பொருளின் தானியங்கி பீட் கண்டறிதலை நம்ப வேண்டாம். சொற்கட்டின் (தவிலில் வாசிக்கும் அடிகளின் கோவை) ஒவ்வொரு அடியையும் அது பீட்டாக எண்ணிவிடும். ஆதி தாளமானால் ஆவர்த்தனத்துக்கு (ஒரு முழுத் தாளச் சுற்று) ஒரு முறை, சமத்தில் மட்டும், ஓடவிட்டுக் கேட்டபடியே கையால் மார்க்கர் (டைம்லைனில் இடும் குறி) போட வேண்டும். பிறகு திரையில் ஒலியின் அலைவடிவத்தைப் பெரிதாக்கி மார்க்கரைத் தவிலடியின் முனையில் உட்கார வைக்க வேண்டும். வெட்டை அதற்கு ஓரிரு ஃபிரேம் முன்னால் வைத்தால்தான் அடி விழும்போது கண் புதுப் படத்துக்கு வந்திருக்கும்.

மயிலாடுதுறையிலிருந்து:

அதீதம் மிகப் பொருத்தம், ஆனால் தாளம் கற்றவருக்கு மட்டும். ‘முன்னெடுப்பு’ என்று மாற்றினால் அரசு அறிக்கை வாசனை வந்துவிடும். கும்பகோணத்து அக்கா சொன்ன முந்தொலிக்கே என் ஓட்டு. ‘இங்கே 12 ஃபிரேம் முந்தொலி வை’ என்று வாயில் வருகிறது. கலைச்சொல்லுக்கு அது முக்கியம். முந்து தன்வினை, நீட்டு பிறவினை. இணை ஒத்துவர நீடொலி என்று வைக்கலாம். இரண்டும் வினைத்தொகை.

இந்தப் பாடத்துக்கு முன்னால், படத்தையும் ஒலியையும் பொருத்தும் ஒத்திசைவுப் பாடம் கட்டாயம் வர வேண்டும். ஒலி ஏற்கெனவே நழுவியிருந்தால் முந்தொலி எது, பிழை எது என்று தெரியாது. நம் வெயிலில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகும். நொடிக்கு 25 ஃபிரேம் ஓடும் காட்சியில் ஒரு ஃபிரேம் 40 மில்லிநொடி. அதற்குள் ஒலி போகும் தூரம் 14 மீட்டர். பிரகாரத்தின் மறுமுனையில், 28 மீட்டரில் நிற்கும் கேமராவின் ஒலி படத்துக்கு 2 ஃபிரேம் பிந்தியிருக்கும். நாதஸ்வரத்துக்கு அருகே வைத்த ரெக்கார்டரை அலைவடிவம் பார்த்து அந்தக் கேமரா ஒலியோடு பொருத்தினால் அந்தப் பிந்தலும் சேர்ந்தே ஒட்டிக்கொள்ளும். ரெக்கார்டர் ஒலியை அசைக்காமல் அந்தக் கேமராவின் படத்தை 2 ஃபிரேம் வலப்பக்கம் தள்ள வேண்டும். செல்போன் காட்சியில் பெரும்பாலும் ஃபிரேம் வேகம் மாறிக்கொண்டே இருக்கும். முதலில் நிலையான வேகத்துக்கு மாற்றிய பிறகே பொருத்தலாம்.

தஞ்சாவூரிலிருந்து:

நன்றி. கையேட்டில் இப்படிப் போகும்:

முந்தொலி வெட்டு: வரும் காட்சியின் ஒலி அதன் படத்துக்கு முன்பே தொடங்குவது.

நீடொலி வெட்டு: போகும் காட்சியின் ஒலி அடுத்த படத்திலும் தொடர்வது. (நரசிங்கன்பேட்டையில் நாதஸ்வரத்துக்காக ஆச்சா மரம் கடையும் ஒலி, கைவினைஞரின் முகம் வந்த பிறகும் கேட்பது.)

முதல் பதிப்பில் அடைப்புக்குறிக்குள் ஜே-கட், எல்-கட் இருக்கும். மென்பொருள் பாடங்களில் அந்தப் பெயர்களைத்தான் பார்ப்பார்கள். அதீதம், அநாகதம் இசைக் காணொளிப் பாடத்தில் இடம்பெறும். அடுத்து ‘ரூம் டோன்’: யாரும் பேசாதபோது அறையில் கேட்கும் சத்தம். ‘அறையொலி’ போதுமா? வயலுக்கும் கோயிலுக்கும் அது பொருந்தவில்லையே.