பவுடர் ஹார்னில் வரைபடம் செதுக்கினேன், கோட்டைச் சுற்றி மை படருது – வழி சொல்லுங்க

கொம்பூதி:
வணக்கம். நான் பென்சில்வேனியாவில் இருக்கேன். வெடிமருந்து கிட்டித்துச் சுடுற பழைய பாணித் துப்பாக்கிக் கிளப்பில் சேர்ந்த பிறகு, தோளில் மாட்டிக்க ஒரு பவுடர் ஹார்ன் (வெடிமருந்து போட்டு வைக்கிற கொம்பு) நானே செய்யலாம்னு இறங்கினேன். வெள்ளை மாட்டுக்கொம்பு. நுனியை அறுத்துத் துளை போட்டாச்சு. அடியில் பைன் மர அடைப்பு வெச்சு, சின்ன மர ஆணிகளும் அடிச்சாச்சு.

மேலே 1750-கள் பாணியில் ஹட்சன் ஆற்று வரைபடம். நியூயார்க்கில் ஆரம்பிச்சு ஆல்பனி, ஃபோர்ட் எட்வர்ட், லேக் ஜார்ஜ் வரை. பென்சிலில் வரைஞ்சு, கத்திமுனையால் கீறி, மை தடவித் துடைச்சேன். கோட்டில் மை நிக்குது. ஆனா சுத்தியும் சாம்பல் நிறமா படர்ந்து, ஆல்பனி இருக்கிற இடம் கரிபிடிச்ச சட்டி மாதிரி ஆயிடுச்சு. துடைச்சாலும் போகலை.

இன்னொண்ணு. வீட்டில் ஹீட்டர் போட ஆரம்பிச்சதிலிருந்து மர அடைப்புக்கும் கொம்புக்கும் நடுவே ஒரு பக்கம் காகிதம் நுழையுற அளவு இடைவெளி விழுந்திருக்கு.

உளிச்சத்தம்:
என்ன மை? உப்புத்தாள் எந்த நம்பரோட நிறுத்தினீங்க?

கொம்பும் நகமும் முடியும் கெரட்டின்கிற ஒரே புரதம்தான், சாயம் உள்ளே ஏறும். ஃபவுண்டன் பேனா மை, மார்க்கர் மை எல்லாம் சாயம். இந்தியன் இங்க் கரித்துகள், அது பள்ளத்தில்தான் உட்காரும். லென்ஸ் வெச்சுப் பாருங்க. கறை கோட்டை ஒட்டிப் புகை மாதிரி சீரா இருந்தா சாயம் இறங்கியிருக்கு. மெல்லிய கீறல் கீறலா தெரிஞ்சா மையைக் குறை சொல்லாதீங்க, மேற்பரப்பு சரியா தேயலை.

கொம்பூதி:
இந்தியன் இங்க்தான் அண்ணா. 220-ல் நிறுத்திட்டேன். லென்ஸில் பார்த்தா கொம்புக்குக் குறுக்கே ஓடுற முடிக்கீறல் எல்லாத்திலும் மை நிக்குது.

உளிச்சத்தம்:
அப்போ அதேதான். 220 போட்ட பரப்பு கைக்கு வழவழன்னு இருக்கும், மைக்கு அப்படி இல்லை.

உப்புத்தாளைத் தள்ளி வைங்க. நல்ல விளிம்புள்ள ஸ்க்ரேப்பரையோ கத்தியின் அலகையோ செங்குத்தா பிடிச்சு நீளவாக்கில் சுரண்டுங்க. சன்னமா சுருள் சுருளா வரணும். பொடியா உதிர்ந்தா விளிம்பு மழுங்கிடுச்சுன்னு அர்த்தம், தீட்டிட்டுத் தொடருங்க. கறை மறைஞ்சதும் 400, 600, கடைசியா நாலு சைபர் (0000) ஸ்டீல் வுல், அதாவது ரொம்ப நைசான இரும்பு நார், எல்லாமே நீளவாக்கில். ஆழமான கோடு தப்பிக்கும், மேலோட்டமானது போயிடும். மிச்சமிருக்கிற தடத்து மேலயே திரும்பக் கீறிக்கலாம். மை போடுறதுக்கு முன்னாடி எழுத்து இல்லாத மூலையில் ஒரு சொட்டு தடவித் துடைச்சுப் பாருங்க. சுத்தமா வந்தா மட்டும் மேலே போங்க. மர ஆணி இருக்கிற விளிம்புப் பக்கம் ரொம்பச் சுரண்ட வேண்டாம், மெலிஞ்சு வெடிக்கும். மாஸ்க் கட்டாயம், கொம்புத்தூள் நுரையீரலுக்கு ஆகாது. கொம்பு சுரண்டுற நாத்தத்துக்கு மட்டும் வழி இல்லை.

பழையமருந்து:
திரும்பக் கீறும்போது ஆழமா போகாதீங்க தம்பி. பழைய கொம்புகளில் கோடு மெலிசு. பிரெஞ்சு-இந்தியப் போர் (1754–63; நம்ம இந்தியா இல்லை, வட அமெரிக்காவில் பிரிட்டனும் பிரான்ஸும் பழங்குடிகளைக் கூட்டு சேர்த்து மோதினது) காலத்தில் அச்சடிச்ச வரைபடம் சிப்பாய் கையில் கிடைக்கிறது அபூர்வம். கோட்டை, ஆறு, தன் பேர், வருஷம் எல்லாத்தையும் கொம்பிலேயே கீறி வெச்சுக்கிட்டாங்க. லேக் ஜார்ஜ் முகாமில் ஜான் புஷ் என்கிற கறுப்பினச் சிப்பாய் செதுக்கினதைப் படத்தில் பாருங்க, முதலெழுத்துக்குள்ளேயே கொடியும் பூவும் ஓடும். என் கண்ணுக்கு அந்தக் காலத்தில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. மாதிரி வேணும்னா ரூஃபஸ் கிரைடர் என்கிற ஓவியர் 19-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் நூற்றுக்கணக்கான பழைய கொம்புகளைப் பார்த்து வரைஞ்ச படங்கள் இருக்கு. சுருட்டிக் கிடக்கிற படத்தை விரிச்சு வரைஞ்சிருப்பார், காப்பி எடுக்க வசதி.

உங்க பேரையும் இந்த வருஷத்தையும் எங்கேயாவது கீறிடுங்க. பழசுன்னு சொல்லி விக்கிறவங்க கைக்குப் போகாம இருக்கும்.

ஆல்பனி_அக்கா:
இடைவெளி விஷயம். ஹீட்டர் காத்தில் மரம் காய்ஞ்சு சுருங்குது, கொம்பும் கொஞ்சம் அசையும். புதுசா செய்றதா இருந்தா, கொம்பின் வாயைக் கொதிநீரில் வெச்சு இளக்கி, கூம்பு வடிவ மரக்கட்டையை இறுக்கி, வட்டமா ஆறவிட்டு அப்புறம் அடைப்பு போடச் சொல்லியிருப்பேன். மாட்டுக்கொம்பு எதுவும் பிறவியிலேயே வட்டமா இருக்காது. செதுக்கின கொம்பைத் திரும்ப வேகவைக்காதீங்க, வடிவம் மாறிடும். தேன்மெழுகை உருக்கி இடைவெளியில் விட்டு, ஹேர் டிரையரால் லேசா சூடு காட்டுங்க, உள்ளே இழுத்துக்கும். எப்பாக்ஸி பசை வேண்டாம்னு நான் சொல்வேன். அடுத்த மழைக்கு மரம் உப்பும்போது அது இடம் கொடுக்காது. உள்ளே வெடிமருந்து இருக்கும்போது மெழுகு, சூடு எதுவும் கூடாது, இதைச் சொல்லாம விட முடியாது.

கொம்பூதி:
சுரண்டிட்டேன். ஆல்பனி, ஃபோர்ட் எட்வர்ட் ரெண்டும் பளிச்சுன்னு இருக்கு. ஆற்றின் கரைக்கோடு பாதி போயிடுச்சு, திரும்பக் கீறிட்டேன். மெழுகும் பிடிச்சுக்கிச்சு. பழைய கொம்பு மாதிரி மஞ்சள் நிறம் வர என்ன பண்ணலாம்?

உளிச்சத்தம்:
அந்தக் காலத்தில் நைட்ரிக் அமிலம் தடவினாங்க, வீட்டில் அந்த வேலையே வேண்டாம். துணிக்குப் போடுற மஞ்சள் சாயத்தை வெதுவெதுப்பான தண்ணியில் கரைச்சு, அறுத்துப் போட்ட நுனித்துண்டில் முதலில் பாருங்க. அடைப்பு வெச்ச கொம்பை முக்காதீங்க, துணியில் தொட்டுத் தடவுங்க. சாயம் ஏறினா பின்வாங்க முடியாது, அதனால வெளிறலாவே நிறுத்துங்க.

பழையமருந்து:
கிளப்புக்குக் கொண்டு போனதும் கொம்பிலிருந்து வெடிமருந்தை நேரா துப்பாக்கிக் குழலில் கொட்டாதீங்க. குழலுக்குள்ளே ஒரு கங்கு மிச்சமிருந்தா கொம்பு முழுக்க வெடிக்கும். அளவுக்குழலில் ஊத்தி, கொம்புக்குத் தக்கை போட்ட பிறகுதான் துப்பாக்கியில் போடணும்.