ஆறு பவுணை விற்கச் சொன்னது சரியா, பிழையா?

கொக்குவில் ராணி:
வங்கி வட்டி குறைந்ததைப் பற்றிப் போன கிழமை நடந்த பேச்சில் வடமராட்சியான் ஐயா எழுதியதை அப்படியே தருகிறேன்: “யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு நிதி ஆலோசகர் தேவையில்லை. வங்கிப் புத்தகம், நகைப்பெட்டி, காணி உறுதி மூன்றும் இருந்தால் காணும். காசு கொடுத்துப் புத்தி கேட்கிறவன் வீட்டில் பெரியவர்கள் இல்லாதவன்.” படித்ததிலிருந்து எனக்கு மனம் கொதிக்கிறது.

எங்கள் சித்தி வீட்டில் அந்த மூன்றும் இருந்தன, பெரியவர்களும் இருந்தார்கள். இருந்தும் 2022 முடியும்போது 14 பவுண் நகை வங்கியில் அடைவில், அதாவது அடகில். கடன் 8 லட்சம், வட்டி 27 வீதமளவில். மாதம் 18,000 ரூபா வட்டிக்கு மட்டும். அதற்கு மேல் ஓட்டோவுக்கு லீசிங் தவணை, அதற்கு மேல் பலர் சேர்ந்து மாதாமாதம் காசு கட்டிக் கழிவு கேட்டு எடுக்கிற கழிவுச் சீட்டு.

2023 தொடக்கத்தில் ஒரு ஆலோசகரைக் கூட்டிக்கொண்டு போனேன். கட்டணம் 15,000 ரூபா. எந்தக் கம்பனியின் ஆளும் இல்லை, எதையும் விற்க வரவும் இல்லை. மனிதர் முதலில் காசைப் பற்றிக் கேட்கவே இல்லை. மூத்தவளின் கலியாணம் எப்போது, சின்னவள் எதுவரை படிக்கப் போகிறாள், சித்தப்பாவின் முழங்கால் இன்னும் எத்தனை வருடம் ஓட்டோ ஓட விடும், அம்மம்மா படுக்கையில் விழுந்தால் யார் பார்ப்பது என்றுதான் கேட்டார். பிறகு அடைவுச் சீட்டு, லீசிங் புத்தகம், காப்புறுதிப் பத்திரம், காணி உறுதி, சீட்டுக் கொப்பி எல்லாவற்றையும் பாயில் பரப்பச் சொன்னார். சித்தப்பா கூட வேலை செய்த ஒருவரின் வங்கிக் கடனுக்குப் பிணை நிற்கிறார் என்பது சித்திக்கே அன்றைக்குத்தான் தெரியும். உழைக்கிற மனிதரின் பெயரில் காப்புறுதி இல்லை, பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் பெயரில் இருக்கிறது. இதை எந்தப் பெரியவர் எங்களுக்குச் சொன்னார்?

அவர் சொன்ன வழி: ஆறு பவுணை விற்று அடைவை முழுதாக முடிப்பது, மிச்சம் எட்டுப் பவுணை வீட்டுக்குக் கொண்டுவருவது, பிள்ளையின் பெயரில் கட்டுகிற காசைச் சித்தப்பாவின் பெயருக்கு மாற்றுவது, சீட்டு முடிந்ததும் புதுச் சீட்டு பிடிக்காமல் இருப்பது. அந்த வீடு இன்றைக்கு நிமிர்ந்து நிற்கிறது.

வடமராட்சியான்:
ஆறு பவுணை விற்கச் சொன்னாரா? 2023இல் பவுண் ஒன்றரை லட்சம் அளவில். இன்றைக்கு மூன்று லட்சத்துக்கு மேலே. ஆறு பவுணுக்கு ஒன்பது லட்சம் நட்டம். அதற்கு 15,000 ரூபா கூலியும் கொடுத்திருக்கிறீர்கள். நல்ல ஆலோசகர் பிள்ளை, நல்லாய் இருக்கட்டும்.

கொக்குவில் ராணி:
ஐயா, நான் எழுதியது ஒரு பக்கம். அதில் நீங்கள் கண்டது ஆறு பவுண் மட்டும்தானா? பிணை விசயம்? காப்புறுதி? சித்தப்பாவின் முழங்கால்?

வடமராட்சியான்:
முழங்காலுக்கு வைத்தியர் இருக்கிறார். நான் கேட்பது ஆறு பவுண்.

கஸ்தூரியார் வீதி:
நகைக்கடையில் நிற்கிறவன் என்ற முறையில் ஒன்று சொல்லவேண்டும். ஒன்றரை லட்சம் என்பது பலகையில் போட்டிருக்கும் விலை. பழைய நகை விற்க வந்தால் செய்கூலி போகும், கல்லு போகும், தேய்வு போகும். அந்த அம்மாவின் கையில் ஒன்பது லட்சம் முழுதாக வந்திருக்காது. என்ன நகை விற்றவை?

கொக்குவில் ராணி:
நாலு காப்பும் ஒரு அட்டியலும். தாலிக்கொடியைத் தொடவே கூடாது என்று ஆலோசகர்தான் முதலில் சொன்னார். மூத்தவளுக்குக் கொடுக்கச் சித்தி நினைத்திருந்த பதக்கம் சங்கிலியையும் ஒதுக்கி வைத்தார். எதை விற்றால் சித்தியின் மனம் அதிகம் நோகாது என்று கேட்டுக் கேட்டுத்தான் அந்த ஆறு பவுணைத் தெரிந்தார். ஒரு அடைவுச் சீட்டை மீட்டு, அந்த நகையை விற்று, அந்தக் காசில் அடுத்த சீட்டை மீட்டு, இப்படித்தான் முடித்தோம். முதல் சீட்டுக்கு நான் கைமாற்றுக் கொடுத்தேன். எட்டு லட்சத்தை அடைத்த பிறகு கையில் மிஞ்சியது கொஞ்சம்தான்.

வடமராட்சியான்:
பாருங்கள், கடைக்காரரே சொல்கிறார், ஒன்பது லட்சம்கூட வரவில்லை. அப்போ நட்டம் இன்னும் கூட. காய்ச்சலுக்குக் காலை வெட்டின கதை.

கணக்கையும் சொல்கிறேன், கேளுங்கள். 2023 ஆகஸ்டில் மத்திய வங்கி அடைவு வட்டிக்கு 18 வீதம் என்று உச்சவரம்பு போட்டது. எட்டு லட்சத்துக்கு மாதம் 12,000. அதற்கு முதல் அஞ்சு மாதம் பதினெண்ணாயிரப்படி கட்டினாலும் 2025 கடைசி வரை மொத்த வட்டி நாலு லட்சமளவில்தான் வரும். நாலு லட்சம் வட்டி கட்டி ஒன்பது லட்சத்தைக் காப்பாற்றியிருக்கலாம். நான் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், கணக்குப் பார்த்தவன். எனக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டாம்.

கொக்குவில் ராணி:
அந்தப் பதினெண்ணாயிரத்தை எங்கிருந்து கட்டுவது ஐயா? அதைச் சொல்லுங்கள் முதலில். 2022 செப்டெம்பரில் கொழும்புப் பணவீக்கம் 70 வீதத்துக்குக் கிட்டப் போன நாட்டில், பெற்றோலுக்குக் கியூஆர் காட்டிக் கிழமைக்கு இத்தனை லீற்றர் என்று வாங்கி ஓட்டோ ஓடின மனிதர். ஓடாத ஓட்டோவுக்கும் லீசிங் கட்டவேண்டும். அடைவை வருடம் முடியப் புதுப்பிக்காவிட்டால் என்ன நடக்கும்? ஏலம். ஏல அறிவித்தல் பத்திரிகையில் வருகிறது, அதில் வருகிற நகைகள் யாருடையவை என்று நினைக்கிறீர்கள்? ஆறு பவுண் என்று சொல்கிறீர்களே, போயிருந்தால் பதினாலும் போயிருக்கும். இன்றைக்கு வீட்டில் எட்டுப் பவுண் இருக்கிறது. உங்கள் மூன்று லட்சக் கணக்கிலேயே 24 லட்சம்.

ஈஸ்ட்ஹாம் பொடியன்:
ராணி அக்கா சொல்வதில் முக்கியமான இடம் அந்த 15,000 ரூபா. இங்கே பிரித்தானியாவில் 2012 முடிவோடு முதலீட்டு ஆலோசகர்கள் கம்பனியிடம் கொமிசன் வாங்குவதை நிறுத்தினார்கள். ஆலோசனைக் காசை வாடிக்கையாளரே கொடுக்கவேண்டும். அப்போதுதான் ஆலோசகர் உங்கள் பக்கம் நிற்பார். ஊரில் இலவசமாகப் புத்தி சொல்ல வருகிறவர் யார்? காப்புறுதி முகவர். அவருக்கு உங்கள் முதல் வருடக் கட்டணத்தில் கொமிசன். அவர் உங்கள் அம்மம்மாவைப் பற்றிக் கேட்கமாட்டார்.

வடமராட்சியான்:
தம்பி, லண்டன் கதை எங்களுக்கு வேண்டாம். உங்களைப் போல ஆட்கள் அனுப்பிற காசால்தான் இங்கே பவுண் விலையும் காணி விலையும் ஏறினது. கோண்டாவிலில் ஒரு பரப்புக் காணி வாங்க ஊரில் உழைக்கிறவனால் முடியுமா?

ஈஸ்ட்ஹாம் பொடியன்:
பவுண் விலை உலகச் சந்தையாலும் ரூபா விழுந்ததாலும் ஏறினது. 2022 மார்ச்சில் டொலர் 200, மே மாதம் 360. அதற்கும் எனக்கும் என்ன சம்பந்தம்? நான் அனுப்பிற காசு அம்மாவின் மருந்துக்கு.

வடமராட்சியான்:
வங்கிக்கு வெளியே, உண்டியலில்தானே அனுப்புகிறீர்கள்?

ஈஸ்ட்ஹாம் பொடியன்:
மரியாதையாகக் கதையுங்கள். நான் வங்கியில் அனுப்புகிறேன், பற்றுச்சீட்டு இருக்கிறது.

சாவகச்சேரி ரீச்சர்:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கோ. எனக்கு உறுத்துகிறது வேறொன்று. அது சீதன நகை. மூன்றாம் ஆள் வந்து பாயில் பரப்பி “இதை வில்” என்று சொல்வது எந்த முறை? என் தாய் எனக்குப் போட்ட காப்பை நான் சண்டைக் காலத்தில் இடம்பெயர்ந்தபோதும் விற்கவில்லை. சாரத்தில் முடிந்து இடுப்பில் கட்டிக்கொண்டு போனேன்.

கொக்குவில் ராணி:
ரீச்சர், அதை நீங்கள் காப்பாற்றியதை நான் மதிக்கிறேன். ஆனால் சித்தியின் காப்பு இடுப்பில் இல்லை, வங்கிப் பெட்டகத்தில் கிடந்தது. இரண்டு வருடமாக அவ போடவும் இல்லை, பார்க்கவும் இல்லை. நல்லூர்த் திருவிழாவுக்குக் கவரிங் போட்டுக்கொண்டு போனவ. விற்கிற முடிவை எடுத்தது அவதான். ஆலோசகர் மூன்று வழி எழுதிக் காட்டினார்: விற்காமல் வட்டி கட்டுவது, ஆறு பவுணை விற்பது, ஓட்டோவை விற்பது. மூன்றிலும் மாதம் எவ்வளவு மிஞ்சும் என்று தாளில் இருந்தது. இரண்டு நாள் யோசித்துச் சித்தியே சொன்னா.

வடமராட்சியான்:
சித்தப்பாவின் சம்மதம் இருந்ததா? யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமைப்படி புருசனின் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது.

நல்லூர் நொத்தாரிசு:
அது காணி பூமிக்கு. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண மணவுரிமை, முதுசச் சட்டத்தின்படி மனைவி தன் பெயரிலுள்ள காணியை விற்கத்தான் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். நகை அசையும் சொத்து. அவவே விற்கலாம்.

வடமராட்சியான்:
சட்டம் வேறு, முறை வேறு. ஆறு பவுண் போனது போனதுதானே.

கொக்குவில் ராணி:
சட்டத்தை இழுத்தது நீங்கள்தான் ஐயா. பிழை என்று காட்டினவுடன் முறைக்குத் தாவுகிறீர்கள். சரி, உங்கள் பக்கத்துக்கு வருவோம். வட்டி குறைந்தது என்று போன கிழமை புலம்பினீர்களே, அதிலேயே எழுதினீர்கள், இரண்டு வீதம் கூடத் தருகிறார்கள் என்று ஒரு நிதிக் கம்பனியில் முழுக்காசையும் போட்டிருக்கிறேன் என்று. வைப்புக் காப்புறுதி ஒரு ஆளுக்கு ஒரு நிறுவனத்தில் 11 லட்சம் வரைக்கும்தான். அதற்கு மேல் போட்டது கம்பனி விழுந்தால் வரிசையில் நிற்கவேண்டிய காசு. 15,000 ரூபா வாங்குகிற மனிதர் முதல் அரை மணித்தியாலத்தில் இதைத்தான் கேட்டிருப்பார்.

வடமராட்சியான்:
என் காசைப் பற்றி நீ கதைக்காதே பிள்ளை.

கொக்குவில் ராணி:
என் சித்தியின் காப்பைப் பற்றி நீங்கள் மட்டும் கதைக்கலாமா? “பிள்ளை”யும் வேண்டாம். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இன்னும் ஒன்று. 2025 ஏப்ரலிலிருந்து வட்டியில் 10 வீதம் வரி பிடிக்கிறார்கள் என்றும் எழுதினீர்கள். வருட வருமானம் 18 லட்சத்துக்குக் குறைந்தவர் சுயபிரகடனம் எழுதிக் கொடுத்தால் வங்கி பிடிக்காது. நீங்கள் கொடுத்தீர்களா?

வடமராட்சியான்:
அது எனக்குத் தெரியும்.

கொக்குவில் ராணி:
தெரியும் என்று நான் கேட்கவில்லை. கொடுத்தீர்களா?

கஸ்தூரியார் வீதி:
ஐயா, அந்தப் படிவம் வங்கியிலேயே தருவார்கள். என் அப்பாவுக்கு நான்தான் நிரப்பினேன்.

வடமராட்சியான்:
பேச்சை மாற்றுகிறீர்கள். தலைப்பு ஆறு பவுண்.

சாவகச்சேரி ரீச்சர்:
ராணி, எனக்கு ஒரு சந்தேகம். என் மகன் தனியார் கடையொன்றில் ஏழு வருடமாக வேலை. ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறோம் என்று முதலாளி சொல்கிறார். சம்பளத்திலும் பிடிக்கிறார். கூற்று ஒன்றும் வீட்டுக்கு வந்ததில்லை.

கொக்குவில் ராணி:
ரீச்சர், அவனுடைய சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம், அதைவிட ஊழியர் நம்பிக்கை நிதிக்கு முதலாளியே 3 வீதம். சம்பளத் துண்டில் பிடித்த கணக்கையும் அங்கத்துவ இலக்கத்தையும் எடுத்துக்கொண்டு தொழில் திணைக்களத்துக்குப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கோ. பிடித்த காசைக் கட்டாமல் வைத்திருப்பது குற்றம். அவனுக்கு வீடு கட்டுகிற எண்ணம் இருந்தால் அந்த நிதியில் 30 வீதம் வரைக்கும் முன்னரே எடுக்கவும் வழி இருக்கிறது, நிபந்தனைகள் உண்டு. பாருங்கள், இதைத்தான் சொல்கிறேன். மகனின் சம்பளம், வீடு, உங்கள் ஓய்வூதியம் எல்லாம் ஒரே குடும்பத்தின் கணக்கு. அதைத் துண்டு துண்டாக வங்கிக்காரர் ஒருவர், முகவர் ஒருவர், சீட்டு நடத்துகிற தாச்சி ஒருவர் என்று பார்த்தால் எவருக்கும் முழு வீடு தெரியாது. அவரவர் தன் கட்டணம் வந்தால் போதும் என்று போய்விடுவார்.

வடமராட்சியான்:
தாச்சியைக் குறை சொல்லவேண்டாம். நான் சீட்டுக் கட்டித்தான் மூன்று பிள்ளைகளைப் படிப்பித்தேன். எந்த ஆலோசகரும் என் வாசலுக்கு வரவில்லை. மூன்று பேரும் இன்று நல்ல நிலை. அதிலே ஒரு பவுணும் விற்கவில்லை.

கொக்குவில் ராணி:
உங்களுக்கு மாதம் முடிய அரச சம்பளம் வந்தது ஐயா. பிறகு ஓய்வூதியம். சித்தப்பாவுக்கு மழை பெய்தால் வருமானம் இல்லை. உங்களுக்குச் சரிவந்த வழியை அவருக்கும் பொருத்திப் பார்ப்பதுதான் பிழை. அந்த மனிதர் 15,000 வாங்கிச் செய்ததே இதுதான், எங்கள் வீட்டுக்கு ஏற்ற வழியைப் பார்த்தது.

ஈஸ்ட்ஹாம் பொடியன்:
சரியாகச் சொன்னீர்கள் அக்கா.

வடமராட்சியான்:
லண்டன் கைதட்டுகிறது. சரி, நேராகக் கேட்கிறேன். அவ்வளவு கெட்டிக்கார மனிதருக்குப் பவுண் ஏறும் என்று ஏன் தெரியவில்லை?

கொக்குவில் ராணி:
உங்களுக்குத் தெரிந்திருந்தால் நிதிக் கம்பனியில் போட்ட காசுக்கு நீங்கள் ஏன் பவுண் வாங்கவில்லை? விலை ஏறுமா இறங்குமா என்று அவர் சொல்லவே இல்லை. சொல்கிறவரை நம்பவேண்டாம் என்றும் சொன்னார். அவர் பார்த்தது அந்த மாதம் சித்தி வீட்டில் சோறு வெந்து, லீசிங் கட்டி, சின்னவளின் ரியூசன் காசும் கொடுக்க முடியுமா என்றுதான். பதினெண்ணாயிரம் எங்கிருந்து வந்திருக்கும் என்பதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

வடமராட்சியான்:
உறவினர் எதற்கு இருக்கிறார்கள்? நீங்கள் முதல் சீட்டுக்குக் கைமாற்றுக் கொடுத்தீர்கள்தானே. அதையே மாதாமாதம் வட்டிக்குக் கொடுத்திருந்தால் ஆறு பவுணும் இன்றைக்கு வீட்டில் இருக்கும்.

கொக்குவில் ராணி:
இரண்டரை வருடம் நான் வட்டி கட்டவேண்டுமா? என் வீட்டுக்கு அடுப்பு இல்லையா? கேட்கிற கேள்வியைப் பாருங்கள்.

கஸ்தூரியார் வீதி:
ராணி அக்கா, அந்த ஆலோசகர் இப்போதும் யாழ்ப்பாணத்தில் இருக்கிறாரா? எனக்கும் ஒரு லீசிங் பிரச்சினை இருக்கிறது.

வடமராட்சியான்:
போங்கோ தம்பி, போங்கோ. கடையில் இருக்கிற பவுணையும் விற்கச் சொல்லுவார்.

கொக்குவில் ராணி:
தம்பி, தனியாக எழுதுகிறேன். லீசிங் புத்தகத்தையும் வீட்டில் இருக்கிற அடைவுச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கோ, மனைவியையும் பக்கத்தில் இருத்துங்கோ. ஐயா, உங்களுக்கு: நாலு லட்சம் வட்டி கட்டியிருக்கலாம் என்ற கணக்கில் முதல் அஞ்சு மாதத்துக்கு மட்டும் 90,000 ரூபா வருகிறது. அந்த அஞ்சு மாதமும் சித்தப்பா எத்தனை நாள் ஓட்டோ ஓடினார் என்று கொப்பியில் இருக்கிறது. நாளைக்கு எடுத்துப் போடுகிறேன், வைத்துக்கொண்டு கதைப்போம்.

வடமராட்சியான்:
போடுங்கள். ஆறு பவுணின் விற்பனைப் பற்றுச்சீட்டையும் சேர்த்துப் போடுங்கள்.