குடிநோய் ஆலோசகர் பயிற்சி: வேலையை விடாமல் எங்கே?

2023-ல் மதுரையில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முடித்தேன், மனநலப் பிரிவு. 14 மாதங்களாக ஒரு குடிநோய் மறுவாழ்வு மையத்தில் ஆலோசகர் வேலை. குடிப்பழக்கம் எவ்வளவு தீவிரம் என்று அளக்கும் ஆடிட் (AUDIT) படிவத்தின் 10 கேள்விகளைக் கேட்டு மதிப்பெண் போடுவேன். அதுவரை சரி. போன வாரம் 40-க்கு 32 வந்த ஒருவர், "குடிய விட்டா ராத்திரி தூக்கத்துக்கு என்ன பண்றது தம்பி?" என்றார். பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தேன். நான் பேசுவதைக் கேட்டுத் திருத்த அங்கே மூத்தவர் யாரும் இல்லை.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் எம்.பில். விசாரித்தேன்: 2 வருடம், முழுநேரம். வீட்டுக் கடன் இருக்கிறது, முடியாது. இணையத்தில் இரண்டு சான்றிதழ் வாங்கினேன். வீடியோ பார்த்ததுதான் மிச்சம். ஒரு மருத்துவமனையில் கேட்டேன், மாணவர்களுக்கு மட்டும் என்றார்கள்.

மதுரையிலோ சென்னையிலோ வார இறுதியில், நேரடி மேற்பார்வையோடு இந்தப் பயிற்சி எங்கே கிடைக்கும்?