எல்இடி டியூப் போடும்போது சோக்கைக் கழற்ற வேண்டுமா, விட்டுவிடலாமா?

பகலவன்: நாலடி டியூப்லைட் பட்டி, காப்பர் சோக் (டியூப்பின் கரண்டைக் கட்டுப்படுத்தும் காயில்), ஸ்டார்ட்டர், 36 வாட் டியூப். பட்டியை மாற்றாமல் 20 வாட் எல்இடி டியூப் போட வேண்டும். சோக்கைக் கழற்றணுமா? கடையில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

பட்டறை: கழற்றிவிடுங்கள். முதலில் மெயினை அணையுங்கள். சுவர் சுவிட்சை மட்டும் நம்ப வேண்டாம், பழைய வீடுகளில் அது நியூட்ரலில் போட்டிருக்கும். சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் பட்டியில் பேஸ் நிற்கும். அணைத்த பிறகு டெஸ்டர் வைத்துப் பாருங்கள். பிறகு சோக், ஸ்டார்ட்டர் ஹோல்டர் இரண்டின் வயரையும் எடுத்துவிட்டு, டியூப்புக்கு நேரடியாக 230 வோல்ட் கொடுங்கள். சோக் சும்மா கிடந்தாலே 12 வாட் தின்னும்.

ஓம்விதி: அந்த 12 வாட் கணக்கு எல்இடிக்குப் பொருந்தாது, அண்ணே. பழைய டியூப் இழுப்பது சுமார் 0.43 ஆம்பியர். 20 வாட் எல்இடி இழுப்பது 0.1 ஆம்பியருக்குப் பக்கம். காயில் சூடாவது கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. கரண்ட் கால்வாசியானால் இழப்பு பதினாறில் ஒரு பங்கு. ஒரு வாட்கூட வராது. சோக்கோடு ஓடும் வகை டியூப் வாங்கினால், அதோடு வரும் ஃபியூஸ் ஸ்டார்ட்டரை (பார்க்க ஸ்டார்ட்டர் போல, உள்ளே ஃபியூஸ் மட்டும்) பழைய ஸ்டார்ட்டர் இடத்தில் திருகினால் போதும். ஒரு வயரைக்கூட வெட்ட வேண்டாம்.

பட்டறை: கணக்கு சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இருபது வருஷ சோக்கின் இன்சுலேஷன் என்ன நிலையில் இருக்கும்? காயில் அறுந்தால் டியூப் எரியாது, குறை டியூப்பில் என்று நினைத்துப் புதுசு வாங்குவார்கள். நாளைக்கு யாராவது சாதா ஸ்டார்ட்டரைத் திருகினால் விட்டு விட்டு மின்னும், அல்லது எரியவே எரியாது. சர்க்யூட்டில் எத்தனை பொருள் குறைகிறதோ அத்தனை நல்லது.

மின்கோடு: இரண்டு பேரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். "நேரடியாகக் கொடு" என்றால் எந்த முனையில்? ஒருமுனை டியூப்பில் பேஸும் நியூட்ரலும் ஒரே பக்கத்து இரண்டு பின்னில். இருமுனை டியூப்பில் பேஸ் ஒரு பக்கம், நியூட்ரல் மறுபக்கம். டியூப்பில் ஒட்டியிருக்கும் வயரிங் படத்தைப் பாருங்கள், பிறகு மல்டிமீட்டரைப் பீப் நிலையில் வைத்து ஒவ்வொரு முனையின் இரு பின்னையும் தொடுங்கள். இரு பக்கமும் பீப் அடித்தால் இருமுனை. ஒரு பக்கம் மட்டும் அடித்தால், அடிக்காத பக்கம்தான் சப்ளை வாங்கும் பக்கம். பீப் அடிக்கும் பக்கத்தை பேஸ்-நியூட்ரல் உள்ள ஹோல்டரில் செருகினால் நேர் ஷார்ட், எம்சிபி (போர்டில் தானாக அணையும் சுவிட்ச்) விழும். அதனால் சப்ளை உள்ள ஹோல்டர் பக்கம் பட்டியில் மார்க்கரால் குறி போடுங்கள். எலெக்ட்ரானிக் சோக் (காப்பர் காயிலுக்குப் பதில் சர்க்யூட் உள்ள வகை) இருந்த சில பட்டிகளில் ஹோல்டரின் இரு காண்டாக்டும் உள்ளேயே இணைந்திருக்கும். அதில் ஒருமுனை வயரிங் செய்யவே கூடாது, ஹோல்டரை மாற்றணும்.

ஓம்விதி: இருமுனை டியூப்பில் இன்னொரு ஆபத்து. சப்ளை இருக்கும்போது ஒரு பக்கத்தை ஹோல்டரில் செருகி, மறுபக்கத்தைக் கையில் பிடித்திருந்தால், உள்ளிருக்கும் டிரைவர் (எல்இடிக்கு ஏற்றபடி கரண்டை மாற்றும் சர்க்யூட்) வழியாக அந்தப் பின்னில் பேஸ் வரலாம். ஏணி மேல் நிற்பவருக்கு லேசான ஷாக்கே போதும், கீழே விழ. சோக்கோடு ஓடும் வகையில் இரு முனைக்கும் இடையே டியூப்புக்குள் தொடர்பு இல்லை, ஃபியூஸ் ஸ்டார்ட்டர் வழியாக வெளியேதான் சுற்று முடிகிறது. நான் சோக்கை விடச் சொல்வதற்கு இதுதான் பெரிய காரணம்.

பட்டறை: சப்ளையை அணைக்காமல் டியூப் மாட்டுவதே தப்பு. ஆனாலும் வீட்டில் அப்படித்தான் மாட்டுகிறார்கள், அந்த அளவில் உங்கள் பேச்சு சரி. எலெக்ட்ரானிக் சோக் பட்டிக்கு ஃபியூஸ் ஸ்டார்ட்டர் வழி கிடையாது, அதற்கென்றே செய்த டியூப் இல்லாவிட்டால் அதைக் கழற்றியே ஆகணும். பழைய பட்டியில் கெப்பாசிட்டர் இருந்தால் அதையும் எடுங்கள்.

தென்றல்: ஹோல்டரின் நிலையை யாரும் பேசவில்லையே. வருஷக்கணக்கில் சூடு பட்ட பிளாஸ்டிக் மஞ்சளாகி, விரலால் அழுத்தினாலே நொறுங்கும். அலுமினிய முதுகுள்ள டியூப் கனம். அந்த நிலையில் பட்டியையே எடுத்துவிட்டு எல்இடி பேட்டன் (பட்டியும் விளக்கும் ஒன்றாக வருவது) மாட்டுவது மேல்.

மின்கோடு: ஹோல்டர் மட்டும் தனியாக விற்கிறார்களே. பேட்டனில் டிரைவர் போனால் மொத்தத்தையும் தூக்கிப் போடணும். பட்டி இருந்தால் டியூப் மட்டும். இரும்புப் பட்டிக்கு எர்த் இழுங்கள், பெரும்பாலும் விட்டிருப்பார்கள். சோக்கை எடுத்த பட்டியில் "எல்இடி மட்டும்" என்று கட்டாயம் ஒட்டணும். ஒருமுனை வயரிங்கில் யாராவது பழைய 36 வாட் டியூப்பைச் செருகினால் 230 வோல்ட்டும் அதன் ஃபிலமென்ட் மேல் நேராக விழும், முனை வெடிக்கலாம்.

ஓம்விதி: சோக்கை விட்ட பட்டிக்கு அந்தப் பயமே இல்லை. சாதா ஸ்டார்ட்டரைத் திருகினால் பழைய டியூப் மறுபடி எரியும்.

பட்டறை: கடையில் கிடைக்கும்வரை. இந்தப் பழைய வகை பாதரச டியூப்களின் உற்பத்தியையும் இறக்குமதியையும் 2027க்குள் நிறுத்த பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா சர்வதேச ஒப்பந்த நாடுகள் 2023ல் முடிவு செய்துவிட்டன. பகலவன், கழற்றும் பழைய டியூப்பை உடைக்காமல் அட்டை உறையில் வைத்து மின்கழிவு வாங்குவோரிடம் கொடுங்கள்.